இந்திய–இலங்கைத் தூதர்களின் வரலாற்றைப் பிழையில்லாமல் தொகுப்பது எப்படி?

பழைய தமிழ்ச் செய்தித்தாள் ஒன்றில் "இலங்கைத் தூதர் முதலமைச்சரைச் சந்தித்தார்" என்று ஒரு வரி வருகிறது. அவர் யார்? கொழும்பில் பணியாற்றிய இந்தியரா, டெல்லியில் பணியாற்றிய இலங்கையரா? தமிழில் இந்தச் சொற்றொடர் இரண்டு பக்கமும் பொருள் தரும். இந்தியாவும் இலங்கையும் ஒன்றுக்கொன்று அனுப்பிய தூதர்களின் வரிசையைத் தொகுக்க உட்காருபவர்களின் முதல் தவறு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நேர்கிறது. டெல்லிப் பட்டியலில் வர வேண்டிய பெயர் கொழும்புப் பட்டியலில் ஏறிவிடும், பிறகு அதைச் சுற்றி ஆண்டுகளும் தவறாக அமையும். ஆகவே முதல் நாளிலிருந்தே உங்கள் குறிப்பேட்டில் "இலங்கைக்கான இந்தியத் தூதர்", "இந்தியாவுக்கான இலங்கைத் தூதர்" என்று முழுதாக மட்டும் எழுதுங்கள். சுருக்கவே வேண்டாம்.

சொல்லைத் தெளிவாக்குவது

இரு நாடுகளும் காமன்வெல்த் உறுப்பினர்கள். அதனால் இரு பக்கத்திலும் தலைமைத் தூதரின் பதவிப்பெயர் உயர் ஸ்தானிகர், தமிழ்நாட்டு வழக்கில் உயர் ஆணையர் அல்லது ஹைகமிஷனர். தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை 14ஆவது பிரிவில் தூதர்களையும் "அதற்கு இணையான தரமுள்ள" தலைவர்களையும் ஒரே வகுப்பில் வைக்கிறது. உயர் ஸ்தானிகர் அந்த இணைத் தரத்துக்குள் வருபவர். எனவே கட்டுரையில் "தூதர்" என்று எழுதுவது தவறில்லை. ஆனால் அட்டவணையின் பதவிக் கட்டத்தில் ஆவணத்தில் உள்ள பெயரையே எழுத வேண்டும், ஏனென்றால் இந்த இரு நாட்டு உறவின் வரலாறே பதவிப்பெயர் மாறிய வரலாறுதான். ஏஜென்ட், பிரதிநிதி, உயர் ஸ்தானிகர் என்ற மூன்றையும் "தூதர்" என்று ஒரே சொல்லில் கரைத்துவிட்டால், எந்த ஆண்டில் இந்த உறவு தொழிலாளர் மேற்பார்வையாக இருந்தது, எந்த ஆண்டில் அரசுக்கும் அரசுக்குமான உறவானது என்பது தெரியாமல் போய்விடும்.

இலங்கைத் தமிழுக்கும் தமிழ்நாட்டுத் தமிழுக்கும் இடையே உள்ள வேறுபாடு இன்னொரு பொறி. இலங்கைப் பத்திரிகைகளில் "பதில் உயர் ஸ்தானிகர்" என்றால் தற்காலிகமாகப் பொறுப்பு பார்ப்பவர். "பிரதி உயர் ஸ்தானிகர்" என்றால் இரண்டாம் நிலை அதிகாரி. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணித் தலைமைப் பட்டியலில் சேர்த்தவர்கள் உண்டு. "உதவி உயர் ஸ்தானிகர்" கண்டியில் உள்ள இந்திய அலுவலகத்தின் தலைவர். தமிழ்நாட்டில் "துணைத் தூதர்" என்று எழுதினால் அது சென்னையில் உள்ள இலங்கையின் துணை உயர் ஸ்தானிகராகவும் இருக்கலாம், யாழ்ப்பாணத்தில் 2010இல் திறக்கப்பட்ட இந்தியத் துணைத் தூதரகத்தின் தலைவராகவும் இருக்கலாம். ஊர்ப்பெயர் இல்லாமல் இந்தச் சொல்லை ஏற்காதீர்கள்.

எந்த ஆண்டில் தொடங்குவது?

இதை முதலிலேயே முடிவு செய்து, தொகுப்பின் முகப்பில் எழுதிவிட வேண்டும். பாதியில் மாற்றினால் எல்லாக் கட்டங்களும் கலையும்.

மிகப் பின்னே போனால் மகாவம்சம் சொல்லும் கதை இருக்கிறது. தேவநம்பிய திஸ்ஸன் அசோகனிடம் அனுப்பிய குழு வடக்கே சம்புகோளத் துறையில் கப்பலேறி ஏழு நாளில் கரை சேர்ந்து, மேலும் ஏழு நாளில் பாடலிபுத்திரம் போனதாக அது கூறுகிறது. பிறகு மேகவர்ணன் சமுத்திரகுப்தனிடம் தூதனுப்பி, புத்தகயாவில் இலங்கைப் பிக்குகளுக்கு ஒரு மடம் கட்ட அனுமதி பெற்ற செய்தி சீனக் குறிப்பு வழியாக வருகிறது. இவை அருமையான செய்திகள். ஆனால் இவற்றை அட்டவணையில் வைக்கக் கூடாது. அவை ஒரு காரியத்துக்காகப் போய்த் திரும்பிய தூது. தங்கியிருந்து பணியாற்றும் தூதரகம் வேறு. முன்னுரையில் ஒரு பத்தியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

கண்டி அரசு காலத்துக்கும் இதே விதிதான். 1762இல் சென்னைக் கோட்டை ஆங்கிலேய அரசு ஜான் பைபஸ் என்பவரைக் கண்டிக்கு அனுப்பியது, அப்போது அரியணையில் இருந்தவர் நாயக்கர் வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். 1795இல் ராபர்ட் ஆண்ட்ரூஸ் போனார். பதிலுக்குக் கண்டியிலிருந்து மிகஸ்தென்ன சென்னைக்கு வந்து 1796இல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், அரசர் அதை ஏற்கவில்லை. சென்னைக்கும் கண்டிக்கும் நேரடியாகத் தூது நடந்த இந்த அத்தியாயத்தைத் தமிழ்நாட்டில் அதிகம் பேர் எழுதவில்லை, எழுத வேண்டும். ஆனாலும் அங்கே அனுப்பியது கிழக்கிந்தியக் கம்பெனி, இந்திய அரசு அல்ல. தனிப் பின்னிணைப்பாக வையுங்கள்.

தொடர்ச்சியான வரிசை 1923இல் தொடங்குகிறது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், தோட்டத் தொழிலாளர்கள் போகும் நாடுகளில் இந்திய அரசு தன் ஏஜென்டை நியமிக்க வழி செய்தது. இலங்கைக்கான ஏஜென்ட் கண்டியில் அமர்ந்தார், கொழும்பில் அல்ல. தோட்டங்கள் மலைநாட்டில் இருந்ததே காரணம். முதல் ஏஜென்ட் எஸ். ரங்கநாதன். 1929இல் கே.பி.எஸ். மேனன் அந்தப் பதவிக்கு வந்தார், பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலாளரானவர் இவர்தான். ஏஜென்டின் வேலை கூலி விகிதம், தோட்டப் பள்ளி, தலைமைக் கங்காணியின் கடன் பிடிப்பு இவற்றைப் பார்ப்பது. அரசியல் பேச அவருக்கு அதிகாரமில்லை. அதனால் சிலர் இவரைத் தூதர் வரிசையில் சேர்க்க மறுக்கிறார்கள். சேர்ப்பதே சரி, ஆனால் பதவிப்பெயரோடு. ஏனென்றால் 1947க்குப் பிறகு வந்த உயர் ஸ்தானிகர்கள் சுமந்த முக்கியமான வேலை, மலையகத் தமிழரின் குடியுரிமை, இந்த ஏஜென்டுகளின் மேசையிலிருந்து வந்ததுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. திருச்சிராப்பள்ளியில் இலங்கை சார்பில் இருந்த குடிபெயர்வு ஆணையரையும், மண்டபம் முகாம் அதிகாரிகளையும், கொழும்பில் இருந்த இந்தியத் தொழிலாளர் கட்டுப்பாட்டு அதிகாரியையும் தூதர்களாகக் கொள்ளக் கூடாது. மூவரும் இலங்கை அரசின் ஊழியர்கள். ஆள் சேர்ப்பதும் தொற்றுநோய்த் தடுப்பும் பதிவும் அவர்கள் வேலை. "இந்திய" என்ற அடைமொழியோ இந்திய ஊரின் பெயரோ இருப்பதால் பட்டியலில் நுழைந்துவிடுவார்கள்.

அடுத்த படி 1942–43. இது பலர் தவறவிடும் இடம். இரு நாடுகளும் ஆங்கிலேயரின் கீழ் இருந்தபோதே ஒன்றுக்கொன்று பிரதிநிதி அனுப்பின. 1942இல் இலங்கை அரச சபையின் தலைவர் சர் டி.பி. ஜயதிலக பதவி விலகி டெல்லிக்குப் பிரதிநிதியாக வந்தார், 1944இல் உடல் நலிந்து நாடு திரும்பும் பயணத்தில் காலமானார். மறுபக்கம் எம்.எஸ். அனே. காந்தியின் 1943 உண்ணாவிரதத்தின்போது வைஸ்ராயின் நிர்வாக சபையிலிருந்து விலகியவர் இவர். அதே ஆண்டில் இலங்கைக்கு இந்திய அரசின் பிரதிநிதியாகச் சென்று 1947 வரை இருந்தார். இருபக்கத் தூது உறவின் உண்மையான பிறப்பு இந்த இரண்டு ஆண்டுகள்தான். 1948இல் தொடங்கும் பட்டியல்கள் இதை முழுதாக விட்டுவிடுகின்றன.

இலங்கைக்கான முதல் இந்திய உயர் ஸ்தானிகர் வி.வி. கிரி 1947இல் பொறுப்பேற்றார், 1951 வரை இருந்தார். இலங்கை சுதந்திரம் பெற்றது 1948 பிப்ரவரி 4. ஆகவே "சுதந்திர இலங்கைக்கு அனுப்பப்பட்ட முதல் தூதர்" என்று எழுதும்போது நியமன ஆண்டு 1948 என்று கை தானாக எழுதும். அதைத் தடுத்து 1947 என்றே எழுதுங்கள். டெல்லியில் இலங்கையின் முதல் உயர் ஸ்தானிகர் எம்.டபிள்யூ.எச். டி சில்வா, 1956இல் பண்டாரநாயக்க அமைச்சரவையில் நீதி அமைச்சரானவர்.

அட்டவணைக்கு எத்தனை கட்டம்?

பன்னிரண்டு. குறைத்தால் பிறகு வருந்த வேண்டிவரும். பெயர் தமிழில், ஆவணத்தில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டு, அனுப்பிய நாடு, பதவிப்பெயர் ஆவணத்தில் உள்ளபடி, அமர்ந்த ஊர், நியமன அறிவிப்பு நாள், வந்து சேர்ந்த நாள், நம்பிக்கைக் கடிதம் (தன் நாட்டு அரச தலைவர் தரும் நியமனச் சான்று) கொடுத்த நாள், பொறுப்பை ஒப்படைத்த நாள், முடிந்த விதம் (இடமாற்றம், ஓய்வு, திரும்ப அழைப்பு, மரணம்), முன்னும் பின்னும் வகித்த பதவி, ஆதாரம். ஒரு நபருக்கு ஒரு வரி. ஒருவரே இருமுறை அதே பதவிக்கு வந்தால் இரண்டு வரி, இலங்கைப் பக்கத்தில் மங்கள முனசிங்க போன்றவர்களுக்கு இது தேவைப்படும்.

ஆதாரக் கட்டத்தில் தர அடையாளம் போடுங்கள். அரசிதழ், கோப்பு, ஆண்டறிக்கை என்றால் "அ". அன்றைய நாளிதழ் என்றால் "ஆ". பிற்கால நூல், நினைவுக்குறிப்பு, இணையப் பட்டியல் என்றால் "இ". "இ" மட்டும் உள்ள எந்தத் தேதியையும் நாள் வரை எழுதக் கூடாது, ஆண்டோடு நிறுத்துங்கள். இணையத்தில் உலவும் பட்டியல்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை. மூன்று இடத்தில் ஒரே தேதி இருந்தால் அது மூன்று சாட்சி ஆகாது, பெரும்பாலும் ஒரே தவறின் மூன்று பிரதிகள்.

தேதி ஒன்றல்ல, ஐந்து

அதிகப் பிழை இங்கேதான். ஒரு தூதருக்குக் குறைந்தது ஐந்து தொடக்க–முடிவுத் தேதிகள் உண்டு. பெயர் அறிவிக்கப்பட்ட நாள், ஏற்கும் நாடு இணக்கம் தெரிவித்த நாள், வந்திறங்கிய நாள், நம்பிக்கைக் கடிதம் கொடுத்த நாள், விடைபெற்ற நாள். வியன்னா உடன்படிக்கையின் 4ஆவது பிரிவு இணக்கம் கேட்பதைக் கட்டாயமாக்குகிறது, மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. 13ஆவது பிரிவின்படி, கடிதத்தைக் கொடுத்த நாளிலா, வருகையை அறிவித்துக் கடிதத்தின் நகலை வெளியுறவு அமைச்சிடம் தந்த நாளிலா பணி தொடங்குகிறது என்பதை ஏற்கும் நாட்டின் வழக்கம் தீர்மானிக்கும். ஆகவே இரண்டு நூல்களில் இரண்டு தேதி இருந்தால் ஒன்று பொய் என்று முடிவு கட்டாதீர்கள். எந்த வகைத் தேதி என்று பாருங்கள், பெரும்பாலும் இரண்டும் சரியாகவே இருக்கும்.

எவ்வளவு தூரம் விலகும் என்பதற்கு அண்மைக் காலச் சான்று மிலிந்த மொரகொட. டெல்லிக்கான இலங்கை உயர் ஸ்தானிகராக அவர் பெயர் வெளியானது 2020இல், அவர் பொறுப்பேற்றது 2021 ஆகஸ்ட் இறுதியில். அறிவிப்பை வைத்து எழுதியவர்கள் அவருக்கு ஓராண்டைக் கூட்டித் தந்துவிட்டார்கள், அந்த ஓராண்டில் டெல்லியில் முழுநேர உயர் ஸ்தானிகர் இல்லை என்ற செய்தியும் மறைந்துபோனது. இன்னொரு சான்று கோபால் பாக்லே. 2020 மே மாதத்தில் கொரோனா ஊரடங்கு நடந்ததால் அவர் ஜனாதிபதியிடம் காணொலி வழியாகவே நம்பிக்கைக் கடிதத்தைச் சமர்ப்பித்தார். "ஜனாதிபதி மாளிகையில் நேரில் கொடுத்தார்" என்ற வழக்கமான வாக்கியத்தை ஒட்டிவிடாதீர்கள்.

1948க்கும் 1972க்கும் இடைப்பட்ட காலத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். இலங்கை குடியரசானது 1972 மே 22இல்தான். அதுவரை அரச தலைவர் பிரிட்டிஷ் முடி, அவருக்காக மகாதேசாதிபதி (கவர்னர் ஜெனரல்). இந்தியாவும் 1950 ஜனவரி 26 வரை அதே முடியின் கீழ். ஒரே அரசர் தனக்குத் தானே நம்பிக்கைக் கடிதம் எழுத முடியாது அல்லவா? அதனால் அத்தகைய நாடுகளுக்கிடையே பிரதமரிடமிருந்து பிரதமருக்கு அறிமுகக் கடிதமே வழக்கம். கிரிக்கு "நம்பிக்கைக் கடிதம் கொடுத்த நாள்" தேடி வாரக்கணக்கில் அலைவதில் பயனில்லை. அந்தக் கட்டத்தில் "பொருந்தாது" என்று எழுதி, வந்து சேர்ந்த நாளைத் தேடுங்கள். இன்னொரு நுணுக்கம்: வில்லியம் கொபல்லாவ 1962 முதல் மகாதேசாதிபதி, 1972 முதல் ஜனாதிபதி. ஒரே ஆள், இரண்டு பதவி. யாரிடம் கடிதம் கொடுக்கப்பட்டது என்று பெயரை மட்டும் எழுதினால் காலம் தெரியாது, பதவியையும் எழுதுங்கள்.

எங்கே தேடுவது?

டெல்லி ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக்காப்பகம் முதல் இடம். அதன் அபிலேக் படல் இணையத்தளத்தில் கோப்புத் தலைப்புகளை வீட்டிலிருந்தே தேடலாம். ஆனால் "வெளியுறவு" என்று தேடினால் 1947க்கு முந்தைய இலங்கைக் கோப்புகள் பெரும்பாலும் வராது. இலங்கை அப்போது வெளிநாட்டு விவகாரமாகக் கருதப்படவில்லை, கூலித் தொழிலாளர் விவகாரமாகவே கருதப்பட்டது. 1923 முதல் கல்வி, சுகாதாரம், நிலத் துறை. 1941இல் கடல்கடந்த இந்தியர் துறை. 1944இல் காமன்வெல்த் உறவுத் துறை. 1947இல் வெளியுறவும் காமன்வெல்த் உறவும் ஒன்றாயின, 1949இல்தான் இன்றைய வெளியுறவு அமைச்சின் பெயர் வந்தது. தேடும் ஆண்டுக்கு ஏற்ற துறைப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. நாட்டின் பெயரை 1972 வரை "சிலோன்" என்றே தேட வேண்டும், பதவியை "ஹைகமிஷனர் ஃபார் இந்தியா இன் சிலோன்" என்று. அன்றைய வழக்கில் "ஃபார்", இன்றைய வழக்கில் "ஆஃப்". அந்த ஒரு சொல்லால் ஒரு கட்டுக் கோப்பே கண்ணில் படாமல் போகும்.

வெளியுறவு அமைச்சின் ஆண்டறிக்கைகள் அமைதியான, நம்பத்தகுந்த ஆதாரம். ஆனால் அவற்றின் ஆண்டுக் கணக்கைக் கவனியுங்கள். "1954-55 அறிக்கை" என்பது ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் காலத்தைக் குறிக்கலாம், தொடக்க கால அறிக்கைகளில் காலவரம்பை முதல் பக்கத்தில் சரிபார்க்காமல் ஆண்டை எடுத்தெழுதினால் ஒரு வருடம் தள்ளிவிடும்.

ஏஜென்டுகளின் ஆண்டறிக்கைகளும், சென்னை மாகாண அரசோடு நடந்த கடிதப் போக்குவரத்தும் எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தில் தேட வேண்டியவை. அங்கே தொழிலாளர், குடிபெயர்வு சார்ந்த அரசாணைகளில் பாருங்கள். பழைய தமிழ் இதழ்களுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இலங்கைப் பக்கத்துக்குக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களமும், வீட்டிலிருந்தபடியே படிக்க நூலகம் இணையக் களஞ்சியமும். வீரகேசரி 1930இலிருந்தும் தினகரன் 1932இலிருந்தும் வருகின்றன. மலையகச் செய்திகளை வீரகேசரி விரிவாகத் தந்தது, தூதர்களின் தோட்டப் பயணத் தேதிகள் அதில் கிடைக்கும். பழைய இதழ்களில் "ஏஜண்டு", "பிரதிநிதி", "ஸ்தானீகர்", "ஹை கமிஷனர்" என எல்லா எழுத்துக்கூட்டையும் தேட வேண்டும்.

எல்லாம் தேடியும் ஒரு தேதி கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் சட்டம், மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். இரண்டிலும் அந்தந்த நாட்டுக் குடிமக்களே விண்ணப்பிக்க முடியும், எனவே அக்கரையில் ஒரு நண்பர் துணை வேண்டும். கேள்வியை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "இவர் ஏன் திரும்ப அழைக்கப்பட்டார்?" என்று கேட்டால் வெளிநாட்டு உறவைப் பாதிக்கும் என்று இந்தியச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். "இவர் பொறுப்பேற்ற நாள், ஒப்படைத்த நாள், இடைக்காலத்தில் பொறுப்பு பார்த்தவரின் பதவி" என்று கேளுங்கள். தேதியை மறைக்கக் காரணம் சொல்வது கடினம். ஒரு விண்ணப்பத்தில் மூன்று அல்லது நான்கு பேருக்கு மேல் கேட்காதீர்கள், "தொகுத்து வைக்கப்படவில்லை" என்ற பதில் வந்துவிடும்.

பெயர்கள் செய்யும் குழப்பம்

மேனன்களில் தொடங்குவோம். 1929இல் ஏஜென்டாக வந்தவர் கே.பி.எஸ். மேனன். 1951–52இல் குறுகிய காலம் உயர் ஸ்தானிகராக இருந்தவர் கே.பி. கேசவ மேனன், மாத்ருபூமி நாளிதழின் நிறுவனர்களில் ஒருவர். 1997 முதல் 2000 வரை இருந்தவர் சிவசங்கர் மேனன், முதலாமவரின் பேரன். தாத்தாவும் பேரனும் ஒரே தீவில் எழுபது ஆண்டு இடைவெளியில் பணியாற்றியது அரிய செய்திதான். ஆனால் "கே.பி. மேனன்" என்று மொட்டையாக வரும் செய்திகளை ஆண்டு பார்த்தே பிரிக்க வேண்டும்.

அடுத்தது இன்னும் வழுக்கும். 2002–2004 நிருபம் சென், 2004–2006 நிருபமா ராவ். அடுத்தடுத்து வந்தவர்கள், ஒருவர் ஆண், மற்றவர் பெண். தமிழ்ச் செய்திகளில் "நிருபமா சென்" என்றுகூட எழுதியிருக்கிறார்கள். இலங்கைக்கான முதல் பெண் இந்திய உயர் ஸ்தானிகர் நிருபமா ராவ்தான், இந்தக் குழப்பத்தில் அந்தச் சிறப்பும் இடம் மாறிவிடும். ஜா என்ற பெயரிலும் இருவர்: 1990களின் தொடக்கத்தில் என்.என். ஜா, 2023 டிசம்பர் முதல் சந்தோஷ் ஜா.

ஜயதிலகவின் முழுப்பெயர் டான் பாரன் ஜயதிலக. "பாரன்" அவருக்கு இட்ட பெயர், பிரபுப் பட்டம் அல்ல. பட்டம் "சர்" மட்டுமே. "பிரபு ஜயதிலக" என்று மொழிபெயர்த்தால் இல்லாத ஒருவர் உருவாகிவிடுவார். சிங்களப் பெயர்களுக்கு இலங்கைத் தமிழ் எழுத்துக்கூட்டையே பின்பற்றுங்கள்: அலுவிகார, விஜயரத்ன, அமரசிங்க. வட இந்தியப் பெயர்களில் ஜே.என். தீட்சித் தமிழ்நாட்டில் "தீட்சித்", யாழ்ப்பாண இதழ்களில் "டிக்சிட்". இரண்டையும் தேடி, ஒன்றையே எழுதுங்கள். பெயருக்கு முன்னால் வரும் முதலெழுத்துகளை (இனிஷியல்) ஒருபோதும் விடாதீர்கள்.

இடைவெளிகளையும் சிறப்புத் தூதர்களையும் கையாள்வது

பட்டியலில் ஒருவர் முடிந்த நாளும் அடுத்தவர் தொடங்கிய நாளும் ஒட்டியே இருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையில் வாரங்களோ மாதங்களோ இடைவெளி இருக்கும். வியன்னா உடன்படிக்கையின் 19ஆவது பிரிவின்படி அந்த நாட்களில் தற்காலிகப் பொறுப்பாளர் ஒருவர் தூதரகத்தை நடத்துவார். அவருக்குத் தனி வரி கொடுங்கள், ஆனால் வரிசை எண் கொடுக்காதீர்கள். எண் கொடுத்தால் "இவர் 24ஆவது உயர் ஸ்தானிகர்" போன்ற கணக்குகள் அனைத்தும் கெடும். உண்மையில் வரிசை எண்ணே போடாமல் இருப்பது நல்லது.

1983 முதல் 1987 வரையான காலம் தனி வகை. 1983 ஜூலை வன்முறையின்போது கொழும்பில் எஸ்.ஜே.எஸ். சத்வால் உயர் ஸ்தானிகர். ஆனால் பேச்சைக் கொண்டுசென்றவர் இந்திரா காந்தி அனுப்பிய சிறப்புத் தூதர் ஜி. பார்த்தசாரதி. 1985இல் வெளியுறவுச் செயலாளர் ரொமேஷ் பண்டாரி கொழும்புக்கும் டெல்லிக்கும் பறந்துகொண்டிருந்தார். உயர் ஸ்தானிகர் வரிசையை மட்டும் படித்தால் இந்த ஆண்டுகளில் யார் என்ன செய்தார்கள் என்றே புரியாது. அதனால் சிறப்புத் தூதர்களுக்கு இரண்டாவது அட்டவணை ஒன்று தேவை: பெயர், அனுப்பியவர், பயண நாட்கள், சந்தித்தவர்கள். பார்த்தசாரதியை "இலங்கைக்கான தூதர்" என்று முதல் அட்டவணையில் வைத்துவிடும் தவறு தமிழ்நாட்டு நூல்களில் அடிக்கடி தலைகாட்டும்.

நிகழ்வுகளை யார் பெயரில் எழுதுவது?

ஒவ்வொரு வரிக்கும் எதிரே அவர் காலத்து ஒப்பந்தங்களைக் குறிப்பது பயனுள்ளது. கிரி காலத்தில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் இந்திய–பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும் வந்தன. சி.சி. தேசாய் காலத்தில் 1954 ஜனவரியின் நேரு–கொத்தலாவல ஒப்பந்தம். 1950களின் கடைசி ஆண்டுகளில் ஒய்.டி. குண்டேவியா கொழும்பிலும், இலங்கையின் முதல் உள்நாட்டுப் பொலிஸ் மாஅதிபராக இருந்த சர் ரிச்சர்ட் அலுவிகார டெல்லியிலும் இருந்தார்கள். தீட்சித் காலத்தில் (1985–89) 1987 ஜூலை 29இன் இந்திய–இலங்கை ஒப்பந்தம். எல்.எல். மெஹ்ரோத்ரா காலத்தில் 1990 மார்ச் 24இல் அமைதிப்படையின் கடைசி அணி வெளியேறியது. சிவசங்கர் மேனன் காலத்தில் 1998 டிசம்பர் 28இல் தடையற்ற வணிக ஒப்பந்தம் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் "அவர் காலத்தில் நடந்தது" என்பதும் "அவர் செய்தது" என்பதும் வேறு. 1987 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும். தீட்சித்தின் பங்கு மிகப் பெரியது என்றாலும், "தீட்சித் கையெழுத்திட்ட ஒப்பந்தம்" என்று எழுதினால் பிழை. கட்டத்தில் "கையெழுத்து", "பேச்சில் பங்கு", "காலத்தில்" என்ற மூன்றில் ஒன்றை எழுதுவது இதைத் தவிர்க்கும்.

கண்டியை மறக்க வேண்டாம். 1964 அக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று பிரித்தது, மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அந்த மக்களின் விண்ணப்பங்களும் கடவுச்சீட்டுகளும் போன வழி கண்டி உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகம். ஒரு குடும்பம் எந்த ஆண்டு ராமேஸ்வரம் வந்து இறங்கியது என்பதைத் தீர்மானித்தது கொழும்பு மாளிகையைவிட அந்த அலுவலக மேசைகள்தான். 2000இல் உயர் ஸ்தானிகராக வந்த கோபாலகிருஷ்ண காந்தி முன்பு 1978–82இல் கண்டியில் பணியாற்றியவர், தமிழ்நாடு பிரிவு இந்திய ஆட்சிப்பணி அதிகாரி, ராஜாஜியின் மகள்வழிப் பேரன். இந்தத் தொடர்பு "முன்பு வகித்த பதவி" கட்டத்தை நிரப்பினால்தான் கண்ணில் படும். இயன்றால் கண்டி அதிகாரிகளுக்கு மூன்றாவது அட்டவணை போடுங்கள். உங்கள் தொகுப்பில் மலையகத்திலும், தாயகம் திரும்பியோர் குடியேறிய நீலகிரியிலும் உள்ள வாசகர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

இரு பக்கத்து நியமன வழக்கமும் ஒன்றல்ல என்பதையும் குறியுங்கள். இந்தியா தொடக்கத்தில் கிரி, கேசவ மேனன் போன்ற பொதுவாழ்வினரை அனுப்பிவிட்டுப் பிறகு பெரும்பாலும் பணித்துறை அதிகாரிகளை அனுப்பியது. இலங்கை அரசியல்வாதி, ஓய்வுபெற்ற அதிகாரி, தொல்லியல் அறிஞர் என்று கலந்து அனுப்பியது. செனக பண்டாரநாயக்கவும் சுதர்சன் செனவிரத்னவும் தொல்லியலாளர்கள். அரசியல் நியமனம் பெற்றவர் ஆட்சி மாறியதும் திரும்புவது வழக்கம், எனவே டெல்லிப் பக்கத்தில் முடிவுத் தேதி தெரியாதபோது கொழும்புத் தேர்தல் முடிவுக்கு அடுத்த மூன்று மாத இதழ்களை முதலில் புரட்டுங்கள்.

கடைசியாக, இப்போது பதவியில் இருப்பவரின் வரி. முடிவு நாள் கட்டத்தில் "இன்று வரை" என்று எழுதாதீர்கள், உங்கள் தொகுப்பு பத்து ஆண்டு கழித்தும் படிக்கப்படும். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, ஆதாரக் கட்டத்தில் நீங்கள் கடைசியாகச் சரிபார்த்த நாளை எழுதுங்கள்.